ஓதம் வகுத்த அட்டவணை: பாம்பரோ கடற்கரை நாட்குறிப்பு

வியாழன், இரவு

இங்கிலாந்தில் கடற்கரைக்குப் போகிறோம் என்றால் எல்லோரும் தெற்கே பிரைட்டனையோ தென்மேற்கே கார்ன்வாலையோதான் கைகாட்டுவார்கள். நாங்கள் நேர் எதிராக வடக்கே வந்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் போனால் ஸ்காட்லாந்து எல்லை. நார்த்தம்பர்லாந்து மாவட்டத்தின் பாம்பரோ கடற்கரை. தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லண்டனில் மியூசியம், அரண்மனை எல்லாம் காட்டியாகிவிட்டது. "கடலைக் காட்டுய்யா" என்றார். சரி, காட்டிவிடுவோம் என்று கிளம்பிவிட்டோம்.

கிங்ஸ் கிராஸில் காலை ரயில் பிடித்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் நியூகாசில். அங்கே வாடகைக் கார் எடுத்து வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். கடைசிச் சில மைல்கள் குறுகலான கிராமத்துச் சாலை. இரண்டு பக்கமும் பார்லி வயல். ஒரு வளைவு திரும்பியதும் கோட்டை கண்ணில் பட்டது, பேச்சு நின்றுவிட்டது. கடலோரத்தில் தனியாக எழுந்து நிற்கும் கரும்பாறை, ஏறக்குறைய 45 மீட்டர் உயரம். அதன் தலைமேல், பாறையின் நீளம் முழுக்க, செம்பழுப்புக் கல்லில் கோட்டை.

இந்தப் பாறை சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் புகுந்து உறைந்த எரிமலைக் குழம்பு. இதே பாறைத் தொடர் மேற்கே நீண்டு போகிறது. ரோமானியர்கள் ஹேட்ரியன் சுவரின் ஒரு பகுதியை அதன்மேல்தான் கட்டினார்கள். கோட்டையின் இன்றைய உருவம் பெரும்பாலும் பழுதுபார்த்துக் கட்டியது. நியூகாசிலில் பீரங்கியும் கப்பலும் செய்து பணம் குவித்த ஆம்ஸ்ட்ராங் பிரபு 1894-ல் இதை வாங்கிச் சீரமைக்கத் தொடங்கினார். வேலை முடிவதற்குள் 1900-ல் இறந்துபோனார். இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது.

அறையில் பைகளைப் போட்டுவிட்டு மூன்று மணிக்குக் கடற்கரைக்குப் போனபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். படங்களில் பார்த்த அகலமான மணல்வெளி எங்கே? மணற்குன்றுகளின் காலடிக்குச் சற்றுத் தள்ளி அலை அடித்துக்கொண்டிருந்தது. நடுவே மணல் ஒரு பட்டையாகக் கிடந்தது, அவ்வளவுதான். சித்தப்பா எதுவும் சொல்லாமல் கிராமத்துக் கடைக்குள் நுழைந்து உள்ளங்கை அளவில், கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஒரு ஓத அட்டவணைக் கையேடு வாங்கி வந்தார். கண்ணாடியை மாட்டி விரலால் தேடினார். "இப்ப ஏத்தம் முடிஞ்சு ஒரு மணி நேரம்தான் ஆச்சு. ராத்திரி எட்டே கால், எட்டரைக்கு வத்தம். சாப்பிட்டுட்டு வருவோம்."

ஏழரைக்கு வந்தோம். ஜூன் கடைசி என்பதால் சூரியன் மறைய இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கடல் எங்கோ தூரத்தில். மதியம் தண்ணீர் நின்ற இடத்திலிருந்து பல நூறு மீட்டர் ஈர மணல். மெல்லிய நீர்ப்படலம் மூடியிருந்ததால் கோட்டை முழுசாக அதில் தலைகீழாகத் தெரிந்தது. அந்த அகலத்தில் இருந்த மனிதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாய்கள் அதைவிட அதிகம்.

"நம்மூர்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர்கூட வராது" என்றார் சித்தப்பா. "இங்க நாலு மீட்டருக்கு மேல போட்டிருக்கான், பாரு." பௌர்ணமியை ஒட்டி வந்திருக்கிறோம், அதனால்தான் இவ்வளவு வீச்சு. நாலு மீட்டர் உயரம் என்பது செங்குத்தாக. கரை இவ்வளவு தட்டையாக இருந்தால் அதுவே கிடையாகப் பெரிய மைதானமாகிவிடுகிறது.

மகளுக்குக் கோட்டையில் அக்கறை இல்லை. குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். ஈர மணல் முழுக்க இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோலக் குட்டிக் குட்டிச் சுருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் தள்ளி ஒரு சின்னக் குழி. கடற்புழுக்களின் வேலை. அடியில் வளைந்த வளைக்குள் இருந்துகொண்டு குழி வழியாக மணலை இழுத்து, அதிலிருக்கும் சத்தைத் தின்றுவிட்டு, மீதியை மறுபக்கம் சுருளாக வெளியே தள்ளுகின்றன. தூண்டில்காரர்கள் இந்தச் சுருளைப் பார்த்துத்தான் தோண்டுவார்களாம். ஆறு மணி நேரத்தில் அலை வந்து எல்லாவற்றையும் வழித்துவிடும். மறுபடி வற்றும்போது மறுபடி சுருள்கள்.

காலை நனைக்கலாம் என்று போனேன். ஜூனிலும் வட கடல் 12 டிகிரியைச் சுற்றித்தான். கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி போக ஒரு நிமிடம் போதும். பக்கத்தில் ஒரு பெண்மணி, எழுபது வயதிருக்கும், சாதாரண நீச்சல் உடையில் நேராக நடந்து போய் முங்கினார். சித்தப்பா ஸ்வெட்டர் பொத்தானை மேலே ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

வெள்ளி, மாலை

காலையில் ஜன்னலைத் திறந்தால் கோட்டையைக் காணோம். எதிர்வீட்டுப் புகைபோக்கிகூடத் தெரியவில்லை. இந்தக் கரையோரத்தில் இதை ஃப்ரெட் என்கிறார்கள். நிலத்தில் வெயில் காலம் வந்துவிட்டாலும் கடல் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன்மேல் வரும்போது மூடுபனியாகி நிலப்பக்கம் நகர்ந்துவிடும். பால் வாங்க உள்ளே சில மைல் போன மனைவி, அங்கே பளிச்சென்று வெயில் என்று போனில் சொன்னாள். இங்கே நாங்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

இன்று ஃபார்ன் தீவுகளுக்குப் படகு என்று நினைத்திருந்தோம். நாளைக்கு மாற்றிவிட்டோம். பனியில் செய்ய ஏற்ற வேலை மியூசியம்தான். கிராமத்திலேயே கிரேஸ் டார்லிங் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கரையோர உயிர்மீட்புப் படகுச் சங்கத்தினர் நடத்துவது. 1938-ல் திறந்தார்கள், சம்பவத்தின் நூற்றாண்டில்.

கிரேஸ் 1815-ல் இந்தக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா வில்லியம் டார்லிங் கலங்கரை விளக்கக் காவலர். கரையிலிருந்து சில மைல் தள்ளி, லாங்ஸ்டோன் என்ற மொட்டைப் பாறைமேல் உள்ள விளக்கில் குடும்பத்தோடு வாசம். 1838 செப்டம்பர் 7 விடியலுக்கு முன், ஹல் நகரிலிருந்து டண்டீக்குப் போன 'ஃபோர்ஃபார்ஷயர்' என்ற நீராவிக் கப்பல் புயலில் பிக் ஹார்க்கர் பாறையில் மோதி இரண்டாக உடைந்தது. மாடி ஜன்னல் வழியாகக் கிரேஸ் உடைந்த கப்பலைப் பார்த்துவிட்டார். ஆனால் இருட்டிலும் நீர்த்தூவலிலும் ஆள் யாரும் தெரியவில்லை. ஏழு மணி வாக்கில், ஓதம் இறங்கிய பிறகுதான் பாறைமேல் மனிதர்கள் அசைவது தெரிந்தது. அப்பாவும் 22 வயது மகளும் துடுப்புப் படகை இறக்கினார்கள். நேர்வழியில் போனால் அலை கவிழ்த்துவிடும். தீவுகளின் மறைவில் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மைல் போனார்கள். அப்பா பாறையில் குதித்து ஆட்களை ஏற்ற, அத்தனை நேரமும் படகைப் பாறையில் மோதாமல் தனியாகப் பிடித்து வைத்திருந்தது கிரேஸ். இரண்டு நடையில் ஒன்பது பேர் கரையேறினார்கள். முதல் நடையில் வந்த ஒரே பெண்ணின் இரண்டு குழந்தைகளும் பாறையிலேயே இறந்திருந்தன.

அந்தப் படகே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோபிள் என்பார்கள், இந்தக் கரைக்கே உரிய ரகம். சித்தப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பலகையின் விளிம்புமேல் அடுத்த பலகை ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூக்கு நல்ல உயரம். பின்பக்கம் மட்டும் தட்டையாகப் பரந்து கிடக்கிறது. "பின்னால தட்டையா இருந்தாத்தான் மணல்லயே இழுத்துப் போடலாம். மூக்கு அலையைப் பார்த்து நிக்கும்" என்றார் மகளிடம். அப்புறம் கையால் சாண் போட்டு அகலம் பார்த்தார். பக்கத்தில் நின்ற பணியாளர் சிரித்துக்கொண்டே தொடாமல் அளக்கும்படி கேட்டுக்கொண்டார்.

கிரேஸின் பிற்பாடான கதை எனக்கு அந்த இரவைவிடச் சங்கடமாக இருந்தது. செய்தித்தாள்கள் அவரை ஒரே மாதத்தில் தேசத்தின் செல்லமாக்கிவிட்டன. ஓவியர்கள் வரிசையாகப் படகேறி விளக்குக்கு வந்து உட்காரச் சொல்லி வரைந்தார்கள். முடிக்கற்றை அனுப்பும்படி முகம் தெரியாதவர்கள் கடிதம் எழுதினார்கள். நாலு வருஷம்தான். 1842-ல் காசநோயில் போய்விட்டார், 26 வயதில். எதிரே புனித ஏய்டன் தேவாலயத்தில் கடலைப் பார்த்தபடி கல்லில் படுத்திருக்கும் உருவமாக நினைவுச் சின்னம், கையருகே துடுப்பு. அதை வேண்டுமென்றே கடலில் போகும் மாலுமிகள் கண்ணில் படும்படி வைத்தார்களாம். இன்றைய பனியில் அதைப் பார்க்க நாங்கள் கைக்கெட்டும் தூரம் வரை போக வேண்டியிருந்தது.

மாலையில் பனி கொஞ்சம் விலகியது. வற்று நேரம் பார்த்துக் கடற்கரை வழியாகவே பக்கத்து ஊரான சீஹவுசஸ் பக்கம் நடந்தோம். பாதி வழியில் மணற்குன்றில் ஏறிப் புளியோதரை. மணல் கலக்காமல் சாப்பிட்டவர் எவருமில்லை. குன்றுகளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு முரட்டுப் புல். வேர் ஆழமாகவும் பக்கவாட்டிலும் ஓடி மணலைக் கட்டுகிறது. மேலே மணல் மூடமூட அதுவும் மேலே வளர்கிறது. அதை மிதிக்காதீர்கள் என்று வேலி போட்டுப் பாதை விட்டிருக்கிறார்கள். காரணம் தெரிந்த பின் மகளே எங்களை விரட்டிப் பாதைக்குள் வைத்தாள்.

சனி, இரவு

இன்று நீல வானம். சீஹவுசஸ் துறைமுகத்தில் மதியப் படகு. அதற்கு முன் ஃபிஷ் அண்ட் சிப்ஸ். நல்லது, ஆனால் எழுதும்படி ஒன்றுமில்லை.

ஃபார்ன் தீவுகள் 1925 முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன. பறவைக் காய்ச்சல் பரவியபோது 2022-ல் இறங்குவதை நிறுத்திவிட்டார்கள். இன்னர் ஃபார்ன் தீவை 2024-ல் மறுபடி திறந்தார்கள். பஃபின் என்ற கடற்பறவை மட்டும் 40 ஆயிரம் ஜோடிகளுக்கு மேல் இங்கே முட்டையிட வருகின்றன. ஜூலை முடிவதற்குள் எல்லாம் கடலுக்குப் போய்விடும்.

படகு முதலில் தீவுகளைச் சுற்றிக் காட்டியது. செங்குத்தான கருந்தூண்களில் கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நாற்றம் ஒரு பர்லாங் தூரத்துக்கு முன்பே வந்துவிட்டது. சித்தப்பா மட்டும் முகம் சுளிக்கவில்லை. தாழ்ந்த பாறைகளில் சாம்பல் நிறச் சீல்கள். நீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். படுத்திருந்த இடத்தைத் தண்ணீர் தொட்டதும் ஒவ்வொன்றாக வாலையும் தலையையும் மேலே வளைத்து, நனைய மனமில்லாமல், கடைசிவரை இருந்து பார்த்தன. அப்புறம் சிவப்பு வெள்ளை லாங்ஸ்டோன் விளக்கு. படகோட்டி எஞ்சினைக் குறைத்து மாடி ஜன்னலைக் கையால் காட்டினார். கொஞ்சம் தள்ளி பிக் ஹார்க்கர். வெயிலில், அமைதியான கடலிலேயே அந்த இடைவெளியில் ஓடும் நீர் படகைப் பக்கவாட்டில் தள்ளியது.

இன்னர் ஃபார்னில் இறங்கும்போது தொப்பி கட்டாயம். ஆர்க்டிக் டர்ன் பறவைகள் பாதையோரத்திலேயே முட்டையிட்டிருக்கும். அன்டார்க்டிக் பக்கம் வரை போய் மீண்டு வருகிற பறவை. எடை நூறு கிராம் சொச்சம், கோபம் அதற்குப் பொருத்தமே இல்லை. இறங்குதுறையிலிருந்து பத்தடி போவதற்குள் என் மண்டையில் மூன்று கொத்து. மனைவி குடையை விரித்துக்கொண்டு நிதானமாகப் போனாள். சித்தப்பா துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். அவரை மட்டும் ஏனோ விட்டுவிட்டன.

பஃபின் இவ்வளவு சிறிசு என்று படத்தில் தெரிவதில்லை. ஒரு புறாவைவிடக் கொஞ்சம் குண்டு, அவ்வளவுதான். சிறகை வேகவேகமாக அடித்துக்கொண்டு வந்து, ஆரஞ்சுக் காலை விரித்து, தரையில் இறங்கினதா விழுந்ததா என்று சந்தேகம் வரும்படி உட்கார்ந்தது ஒன்று. அலகில் குறுக்குவாட்டாக ஏழெட்டு மணல் விலாங்குகள், வெள்ளி நூல்போல மெலிசாக. மேலே சீகல்கள் அதைப் பறிக்கவே காத்திருந்தன. இரண்டு நொடி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு எங்கள் காலுக்கு ஒரு கஜ தூரத்தில் இருந்த வளைக்குள் ஓடி மறைந்தது. வளைக்குள் ஒரே ஒரு குஞ்சுதான் இருக்குமாம். நாக்கில் சிறு முட்கள் இருப்பதால், பிடித்த மீனை விடாமலே அடுத்ததைப் பிடிக்க முடிகிறது.

இதே தீவில் ஏழாம் நூற்றாண்டில் கட்பர்ட் என்ற துறவி தனியாக வாழ்ந்து 687-ல் இறந்தார். ஈடர் வாத்துகளைத் தொடக்கூடாது என்று அவர் விதி வைத்ததாகச் சொல்கிறார்கள். இன்றும் உள்ளூர்க்காரர்கள் அந்த வாத்தை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். தேவாலய வாசலில் ஒரு பெட்டை ஈடர் அடைகாத்தபடி, கூட்டம் சுற்றி வளைத்துப் போனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு, இரவு

ஓத அட்டவணை இல்லாமல் ஒரு நாளைக்கூட நகர்த்த முடியாத இடம் ஹோலி ஐலண்ட் என்கிற லிண்டிஸ்ஃபார்ன். நிலத்தையும் தீவையும் இணைக்கும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்கடியில் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களைக் கவுன்சில் வெளியிடுகிறது. சாலை வாசலிலும் பெரிய பலகையில் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் பாதி மூழ்கிய காரின் படத்தோடு. அப்படியும் வருஷாவருஷம் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள். நடுவழியில் மரக்கால்கள்மேல் வெள்ளையாக ஒரு குடில் நிற்கிறது. காரை விட்டுவிட்டு அதில் ஏறி உட்கார்ந்தால் மீட்க வருவார்கள். கார் போனது போனதுதான்.

எங்களுக்கு மதியம் ஒரு மணிக்குள் திரும்பியாக வேண்டும் என்று சித்தப்பா கணக்குப் போட்டார். அட்டவணை அதற்கு மேலும் நேரம் கொடுத்திருந்தது. "அவன் சொன்ன நேரம் அவனுக்கு. காத்து கரைப்பக்கம் அடிச்சா தண்ணி முன்னாலயே வரும்" என்றார். பேச்சு முடிந்தது. எட்டு மணிக்கே கடந்துவிட்டோம்.

சாலைக்குப் பக்கத்தில் பழைய யாத்திரைப் பாதை, கம்பங்கள் நட்டு அடையாளம் காட்டியிருக்கிறார்கள். வெறுங்காலில் சேற்றில் நடந்து போனவர்களைக் காரிலிருந்து பார்த்தோம். தீவில் நூற்றைம்பது பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். 635-ல் ஏய்டன் அயோனா தீவிலிருந்து வந்து இங்கே மடம் தொடங்கினார். 793-ல் வைக்கிங்குகள் கடல்வழி வந்து சூறையாடினார்கள். அதற்கும் முன்பு, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கே எழுதப்பட்ட லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷ ஏடு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இப்போது நிற்கும் இடிபாடு பிற்காலத்து மடம். கூரை எல்லாம் போய், வாளிப்பான ஒற்றைக் கல்வளைவு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

துறையோரம் பழைய ஹெரிங் மீன்பிடிப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகையாக வைத்திருக்கிறார்கள். கதவு வைத்து, தார் பூசி, உள்ளே வலையும் கயிறும். சித்தப்பாவின் கேமராவில் இந்தத் தீவின் கோட்டையை விட இந்தக் கொட்டகைகள்தான் அதிகம்.

கூட்டம் மடத்தையும் கோட்டையையும் சுற்றியே நிற்கும். வடகரைக்கு நடந்து போனால் இன்னொரு நீளமான வெண்மணல் கரை, எங்களைத் தவிர ஆளே இல்லை. தூரத்து மணல்திட்டிலிருந்து ஊளையிடுவதுபோல ஒரு சத்தம் காற்றில் வந்து வந்து போனது. சீல்கள். மகள் கொஞ்ச நேரம் பதில் ஊளையிட்டுப் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்கே இக்கரை வந்து காரை ஓரம் கட்டினோம். பார்த்துவிட்டுத்தான் போவது என்று சித்தப்பா அடம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சாலையில் இன்னும் கார்கள் வந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் சேறுதான். பிறகு ஓடைகளில் தண்ணீர் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. அலை, சத்தம் எதுவும் கிடையாது. நுரை விளிம்போடு ஒரு மெல்லிய தகடாக வந்து, தாரின் ஓரத்தைத் தொட்டு, வெள்ளைக் கோட்டினைத் தாண்டி, மறுபுறத்து நீரோடு சேர்ந்துகொண்டது. கடைசியாக வந்த வேன் சக்கரத்தில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கரையேறியது. ஓட்டுநர் எங்களைப் பார்க்காமல் நேரே போய்விட்டார்.

திங்கள், ரயிலில்

காலையில் கிராஸ்டர் கிராமம். அங்கிருந்து மேய்ச்சல் நிலம் வழியாக டன்ஸ்டன்பரோ கோட்டை இடிபாட்டுக்கு அரை மணி நேர நடை. 1313-ல் லங்காஸ்டர் பிரபு தாமஸ் கட்டத் தொடங்கியது. அரசனை எதிர்த்ததில் 1322-ல் தலை போனது. சித்தப்பாவுக்குக் கோட்டைகள் போதும் போதும் என்றாகிவிட்டதால் அவர் நேராகக் கிப்பர் கடைக்குப் போய்விட்டார். ஹெரிங் மீனை முதுகில் பிளந்து, உப்புநீரில் ஊறவைத்து, ஓக் மரத்தூள் புகையில் இரவெல்லாம் தொங்கவிடுவது கிப்பர். ஒரு துண்டு வாயில் போட்டு நிதானமாக மென்றார். "காரம் இல்ல. மத்தபடி சரக்கு சுத்தம்" என்று நாலு ஜோடி கட்டச் சொன்னார்.

வர நினைப்பவர்களுக்கு: பஃபின் வேண்டுமென்றால் மே முதல் ஜூலை நடுப்பகுதிக்குள் வாருங்கள். படகுக்கு முன்பதிவு அவசியம். பனி வந்தால் மாற்றிக்கொள்ள ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலைப் பார்த்து ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள். பெரியவர்கள் கூட வந்தால், பாம்பரோவில் குன்றைத் தாண்டும் மணல் பாதை கொஞ்சம் மூச்சு வாங்கவைக்கும், மெதுவாகப் போகலாம். அறை எடுப்பதற்கு முன்பே அந்த வாரத்து ஓத நேரத்தைப் பார்த்துவிடுங்கள். வற்றம் காலையிலும் மாலையிலும் விழும் வாரம்தான் இந்தக் கரைக்கு நல்ல வாரம், அது பௌர்ணமியையோ அமாவாசையையோ ஒட்டித்தான் வரும்.

யார்க் தாண்டிவிட்டோம். கிப்பர் பொட்டலத்தை மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றி மேலே வைத்திருக்கிறோம், ஆனாலும் முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டார்.